மூடிக்கு முன்னால் ஒரு மூச்சு

தேனியிலிருந்து கம்பம் போகிற பேருந்தில், சின்னமனூர் தாண்டியதும், சங்கிலியம்மாளுக்குத் தன் மகனின் குரல் கேட்டது.

"ஹப்பாடா!"

பெருமூச்சும் சிரிப்பும் பாதிப்பாதி கலந்த குரல். மகிழன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் சொல்வான். கசப்பு மாத்திரையை விழுங்கி முடித்தால் ஒரு ஹப்பாடா, மேலேயிருந்து கிணற்றில் குதித்துத் தலையை வெளியே நீட்டினால் ஒரு ஹப்பாடா. ஆடி மாதம் அவனை எரித்தார்கள். இப்போது ஐப்பசி.

கண் அசந்துவிட்டோம், கனவு என்று அவள் நினைத்தாள். நாத்தனார் வீட்டில் கொடுத்துவிட்ட முருங்கைக்காய்ப் பையை மடியில் சரி செய்துகொண்டாள். அப்போது மறுபடியும் கேட்டது. இந்த முறை முதலில் ஒரு மூச்சு. யாரோ ஆழமாக இழுத்து, விடாமல் நெஞ்சுக்குள் நிறுத்திக்கொண்டது போல. பிறகு, "அய்யய்யோ!"

அவள் எழுந்தாள். கம்பியைப் பிடித்து ஒவ்வோர் இருக்கையாகப் பார்த்துக்கொண்டே முன்னால் போனாள். கல்லூரிப் பெண் ஒருத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தாள். சங்கிலியம்மாள் அவள் தோளில் கை வைத்தாள்.

"பாப்பா, அது யாரு பேசுறது?"

"கேம்மா. சும்மா வெளையாட்டு."

"அது எம்மகன்."

அந்தப் பெண்ணுக்கு முதலில் பயமாக இருந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள். பிறகு சங்கிலியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். ஒதுங்கிய இடத்தைக் காட்டி, "ஒக்காருங்கம்மா" என்றாள். உத்தமபாளையத்தில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டு வரை, ஓர் ஆட்டம் முடிய இன்னோர் ஆட்டமாக விளையாடிக் காட்டிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையிலேயே சங்கிலியம்மாள் தேனிக்குத் திரும்பிப் போனாள். பெரியகுளம் சாலையில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனியின் படியேறி, மகனின் தோழி எப்சிபாவைக் கேட்டு நின்றாள்.

எப்சிபா அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். சுடுகாட்டுக்குக் கூட்டம் கிளம்பிய அன்று பார்த்தது. அதன் பிறகு அவர்கள் ஊரான சுருளிப்பட்டிக்குப் போக அவளுக்குத் துணிவு வரவில்லை.

"அவன் பேசுற ஆட்டத்த இதுல போட்டுக் குடு" என்று சங்கிலியம்மாள் தன் போனை நீட்டினாள்.

எப்சிபா அங்கேயே, படிக்கட்டில் உட்கார்ந்து அதை ஏற்றிக் கொடுத்தாள். எப்படி விளையாடுவது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமலே போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆட்டத்தின் பெயர் 'மூடி'. கல்லூரி முடித்த பிறகு எப்சிபாவும் மகிழனும் சேர்ந்து செய்தது. அவள் கம்பெனியில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதினாள். அவன் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டினான். சாயங்காலம் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் மடிக்கணினியை விரித்துவிடுவார்கள்.

ஆட்டம் மிகவும் எளிது. ஓர் அடுக்கில் ஏழு மண்கலயங்கள், ஏழும் மூடியிருக்கும். ஒன்றில் தேள். மற்றவற்றில் பன்னீர் திராட்சைக் கொத்து. ஒவ்வொரு மூடியாகத் திறக்கலாம். கிடைத்தது போதுமென்றால் 'போதும்' என்ற பொத்தானைத் தொட்டுப் பழத்தோடு கிளம்பிவிடலாம். ஆசைப்பட்டு இன்னொன்று திறந்து தேள் வந்தால், அதுவரை சேர்த்ததெல்லாம் போச்சு. முதல் அடுக்கில் ஒரு தேள். பழம் இருக்கிற ஆறையும் திறந்து அதைத் தாண்டினால் அடுத்த அடுக்கில் இரண்டு. அதற்கு மேல் மூன்று. திறமைக்கு அதில் வேலையே இல்லை. வெறும் அதிர்ஷ்டம்.

முதலில் எப்சிபா அதை எழுதியபோது, மூடியைத் தொட்டதும் திறந்துகொண்டது. பழமா, தேளா, உடனே தெரிந்தது. நண்பர்களிடம் கொடுத்தார்கள். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வைத்துவிட்டார்கள்.

"ஒரு மண்ணும் இல்ல இதுல" என்றான் மகிழன். "நெஞ்சு அடிக்கவே மாட்டேங்குது."

டிரம்ஸ் போட்டுப் பார்த்தார்கள். சினிமாவில் பேய் வருவதற்கு முன்னால் வருகிற இசையைப் போலப் போட்டுப் பார்த்தார்கள். சிரிப்புத்தான் வந்தது. ஒருநாள் அவன் இசையை எல்லாம் எடுத்துவிடச் சொன்னான். வீட்டில் போர்வைக்குள் தலையை விட்டு, மைக்கில் தன் மூச்சைப் பதிவு செய்துகொண்டு வந்தான். இழுத்து நிறுத்தும் மூச்சு மட்டும். மூடியைத் தொட்டதும் எல்லாச் சத்தமும் நின்றுவிடும். அந்த மூச்சு கேட்கும். மூடி லேசாக அசையும், திறக்காது. அதன் பிறகுதான் திறக்கும். ஒவ்வொரு மூடிக்கும் அந்தக் காத்திருப்பு கொஞ்சம் கொஞ்சமாக நீளும்.

எப்சிபா அதைப் போட்டு முதல் ஆட்டம் ஆடியபோது, நாலாவது மூடியில் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். நிமிர்ந்து பார்த்தால் டீக்கடைக்காரரும் பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதுதேன்" என்றான் மகிழன்.

பழம் வந்தால் ஹப்பாடா, தேள் வந்தால் அய்யய்யோ. எல்லாமே அவன் குரல். மூன்று அடுக்கையும் தாண்டியவர்களுக்கு மட்டும் கடைசியில் ஒரு குரல் வர வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். ஐயாயிரம் ஆட்டத்துக்கு ஒருமுறை யாராவது அங்கே போய்ச் சேரலாம். "அதுல என்ன சொல்லப்போறேன்னு ஒனக்குச் சொல்ல மாட்டேன். நீயே ஜெயிச்சுக் கேட்டுக்க" என்று சொல்லி அந்தக் கோப்பைக் கொடுத்தான். அவளும் பிடிவாதமாகக் கேட்காமலே சேர்த்தாள். அந்தக் கோடையில் ஆட்டத்தை வெளியிட்டார்கள். சில ஆயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். 'ஒரு மூச்சை வைத்துக் கொல்கிறார்கள்' என்று யாரோ எழுதியிருந்ததை அவன் நாலு நாள் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

ஆடிக்காற்று அந்த வருடம் கடுமையாக இருந்தது. உத்தமபாளையத்துக்கு இந்தப் பக்கம், மகிழன் பைக்கில் வந்துகொண்டிருந்தபோது, சாலையோரப் புளியமரத்திலிருந்து ஒரு கிளை முறிந்து விழுந்தது. அவனுக்கு முன்னால் போன டிராக்டர் தப்பியது. பின்னால் வந்த காய்கறி வண்டி தப்பியது. தேனி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

ஆட்டம் எழுதும்போது தேளை எந்தக் கலயத்தில் வைப்பது என்று முடிவு செய்வதற்கு எப்சிபா, குருட்டாம்போக்கில் ஒன்றைப் பொறுக்குகிற ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள். அவன் இறந்த பிறகு அந்த வரியை அவளால் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஆட்டத்தை அவள் திறக்கவே இல்லை.

சங்கிலியம்மாள் வந்துபோன அடுத்த ஞாயிறு, காலை ஜெபம் முடிந்ததும் எப்சிபா சுருளிப்பட்டிக்கு பஸ் ஏறினாள். வீடு திராட்சைத் தோட்டத்திலேயே இருந்தது. கல்தூண்களுக்கு மேல் கம்பிப்பந்தல், பந்தலுக்குக் கீழே பச்சை நிழல். அந்த நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சங்கிலியம்மாள் விளையாடிக்கொண்டிருந்தாள். மகிழனின் அப்பா முத்துப்பாண்டி கொஞ்சம் தள்ளி, மருந்தடிக்கும் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாத்தா" என்றாள் சங்கிலியம்மாள். "இங்கன ஒக்காரு. இது மூணாவது மூடி."

தொட்டாள். மகிழன் மூச்சை இழுத்தான். முத்துப்பாண்டி டேங்கை அப்படியே போட்டுவிட்டு, தண்ணீர் வழிய வழிய, பந்தலின் மறுகோடிக்கு நடந்துவிட்டார்.

"சத்தம் கேட்டா அவுகளுக்கு ஆகாது" என்றாள் அவள். "செத்தவன் கொரல நாளெல்லாம் ஓட்டிக்கிட்டிருந்தா மனசு எப்படிடி ஆறும்னு கத்துறாக. எனக்கு ஆற வேணாம். ஆறுனா என்ன, ஆறாட்டி என்ன."

பழம் வந்தது. ஹப்பாடா. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மூச்சுக்குத்தான் அவள் காத்திருந்தாள், அதற்குப் பின்னால் வருவதற்கு இல்லை என்று எப்சிபாவுக்குப் புரிந்தது. எல்லோரும் சீக்கிரம் முடியாதா என்று தவிக்கிற அந்த இடைவெளியில் இவள் தங்கியிருந்தாள்.

"மூச்சு இழுக்கயில நெஞ்சு ஏறுறது தெரியுது பாரு. உள்ள என்ன இருக்குனு அவனுக்கும் தெரியாதுல்ல? அதுனாலதான இழுத்துப் புடிக்கிறான்?"

"தொட்ட ஒடனேயே முடிவாயிரும்மா" என்று எப்சிபா சொன்னாள். "தேளா, பழமானு போனுக்கு அப்பவே தெரியும். அந்த மூச்சு சும்மா நமக்காகத்தான்."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. சங்கிலியம்மாள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தேன் இருந்திருக்கும். கொண்டுபோனப்பவே டாக்டருகளுக்குத் தெரிஞ்சிருக்கும். பாப்போம், பாப்போம்னு சொன்னாக. நாந்தேன் வெளிய ஒக்காந்து மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

அந்த வருத்தத்தைத் தாங்க முடியாமல்தான் எப்சிபா கடைசிக் குரலைப் பற்றிச் சொன்னாள். மூன்று அடுக்கையும் தாண்டினால் மகிழன் ஏதோ பேசுவான், கேட்டதாக இதுவரை யாரும் சொன்னதில்லை, தானும் கேட்டதில்லை. "கம்ப்யூட்டர்ல அந்தக் கோப்பு இருக்கும்மா. அடுத்த வாரம் கொண்டுவந்து போட்டுக் காட்டுறேன்."

சங்கிலியம்மாள் கவிழ்த்து வைத்த போனைத் தடவிக்கொண்டிருந்தாள். பந்தலில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து பறந்தது.

"வேணாம்" என்றாள்.

"ஏம்மா?"

"கேட்டுட்டா முடிஞ்சு போகும்ல. அவன் எங்கிட்டப் பேச இன்னும் ஒண்ணு இருக்கு. அது இருக்கட்டும். நானா வெளையாடி, கெடைக்கிறப்பக் கெடைக்கட்டும்."

அன்றிலிருந்து அவள் விளையாடிய விதம் மாறியது. அதுவரை இரண்டு மூன்று மூடி திறந்து, மூச்சைக் கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவள், இப்போது மேலே மேலே போகப் பார்த்தாள். சமைத்த நேரம் போக, கொடியில் தழை கிள்ளிய நேரம் போக, மற்ற நேரமெல்லாம் போன் கையிலேயே இருந்தது. எப்சிபா ஞாயிறுதோறும் வந்தாள். "ரெண்டாவது அடுக்குல நாலு மூடி வந்துட்டேன்" என்று சங்கிலியம்மாள் சொல்வாள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும். ஒருமுறை மூன்றாவது அடுக்குக்கே போய்விட்டாள். முதல் மூடியைத் தொட்டாள். அங்கே மூச்சு மிகவும் நீளம். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். அய்யய்யோ என்றான் மகிழன். சங்கிலியம்மாள் சிரித்துவிட்டாள். அவன் போன பிறகு அவள் சிரித்ததை எப்சிபா அன்றுதான் பார்த்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருநாள் அவள் திடீரென்று கேட்டாள்: "ஏத்தா, நீயும் அவனும்... அப்படி எதுவும் மனசுல இருந்துச்சா?"

எப்சிபா கையிலிருந்த சோற்று உருண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பேசிக்கிட்டதில்லம்மா" என்றாள். அது உண்மை. அதற்கு மேல் அவளுக்கே தெரியாது.

கார்த்திகையில் ஒரு மதியம். கம்பெனியில் மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்ததால் வேலை ஓடவில்லை. எப்சிபா ஆட்டத்தின் பழைய கோப்புகளைத் திறந்தாள். சங்கிலியம்மாள் என்றைக்காவது ஜெயிக்கத்தான் போகிறாள். அப்போது அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று தெரிந்திருந்தால் பக்கத்திலிருந்து தாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் கடைசிக் கோப்பை ஓட்டினாள்.

நாற்காலி நகரும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு மகிழன்: "எப்சி, கடைசிக் கொரல நாளைக்குப் பண்ணுவோம். இப்போதைக்கு இது கெடக்கட்டும்." தூரத்தில் ஏதோ இரைச்சல். "இந்தா வர்றேன்" என்றான் யாரிடமோ. மைக்கை அணைக்கும் சத்தம்.

அவ்வளவுதான்.

கோப்பு இல்லையென்றால் ஆட்டம் பாதியில் நின்றுவிடும் என்பதால் இடத்தை நிரப்ப எதையோ பதிந்து கொடுத்திருக்கிறான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பான். மறந்திருப்பான். அல்லது இன்னும் நல்லதாக ஒன்று தோன்றட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருப்பான். அவள் மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்றான்.

பக்கத்து மேசை திலீபன் அவள் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டான். சொன்னாள். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான்: "அவர் குரல்தான் இவ்வளவு இருக்கே. இப்பல்லாம் ஏஐயில போட்டா அதே குரல்ல என்ன வேணும்னாலும் பேச வைக்கலாம். அந்தம்மாவுக்கு ஆறுதலா ரெண்டு வார்த்தை பேச வச்சுக் குடுத்துருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

எப்சிபா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாவது நாள் செய்தாள். இயந்திரத்துக்கு அவனுடைய குரல்களையெல்லாம் கொடுத்து, 'அம்மா, நான் நல்லா இருக்கேன், நீ அழாத' என்று எழுதினாள். பேசியது. அவன் குரலேதான். ஆனால் அது 'அம்மா' என்று வாய் நிறையத் தெளிவாகச் சொன்னது. மகிழன் ஒருநாளும் அப்படிச் சொன்னவன் இல்லை. 'யம்மா' என்பான்; அதுவும் பாதியை விழுங்கிவிடுவான். அதைத் திருத்தி எழுதினாள். அப்போதும் பேசியது. என்ன எழுதினாலும் அது பேசும் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். எல்லாவற்றையும் அழித்தாள்.

பிறகு இன்னொன்று தோன்றியது. மூன்றாவது அடுக்கில் எந்தக் கலயத்தைத் தொட்டாலும் தேள் வருகிற மாதிரி ஒரு வரியை மாற்றிவிட்டால் போதும். சங்கிலியம்மாள் சாகிற வரைக்கும் அங்கே போய்ச் சேர மாட்டாள். அவள் மகன் அவளிடம் சொல்ல வேண்டியது என்றைக்கும் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அந்த வரியை எழுதியும் விட்டாள். மாற்றத்தை எல்லாப் போனுக்கும் அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூடியைத் தொட்டுவிட்டு அந்தத் தாய் உட்கார்ந்திருக்கும் கோலம் கண்ணில் வந்தது. கழுத்து நரம்பு புடைக்க, உதடு லேசாகத் திறந்திருக்க, தன்னை மறந்து. கிடைத்தாலும் கிடைக்கும் என்பதால்தானே அப்படி உட்கார்ந்திருக்கிறாள். கிடைக்கவே கிடைக்காத ஒன்றுக்கு அவளை அப்படி உட்கார வைப்பதா?

வரியை நீக்கினாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அந்த ஞாயிறு போனாள். "வாத்தா, நேத்து மூணாவது அடுக்கு ரெண்டு தடவ" என்று எதிர்கொண்டு வந்து சொன்னாள் சங்கிலியம்மாள். எப்சிபா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. கிறிஸ்துமஸ் வந்து போனது. பொங்கல் போனது.

தை முடிய இருந்த ஒரு பகலில் அவளுக்கு போன் வந்தது. முத்துப்பாண்டி. அவர் அதுவரை அவளை அழைத்ததே இல்லை.

"பாப்பா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா? ஒங்கம்மா ஒரு மாதிரியா ஒக்காந்திருக்கா. பேச மாட்டேங்குறா."

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ் நிற்கிற ஊரெல்லாம் நின்று நின்று போனது. என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தோட்டத்தில் கவாத்து முடிந்திருந்தது. தழையெல்லாம் வெட்டி எடுத்ததில் பந்தல் மொட்டையாக நின்றது. கம்பிகளின் நிழல் மட்டும் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. சங்கிலியம்மாள் கட்டிலில் உட்காராமல் ஒரு கல்தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். போன் பக்கத்தில் கிடந்தது. முத்துப்பாண்டி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கவாத்துக் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

எப்சிபா அவள் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"வந்துருச்சு" என்றாள் சங்கிலியம்மாள்.

"ம்."

"கடைசி மூடியத் தொட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டேன். எம்புட்டு நேரம் புடிச்சிருந்தான் தெரியுமா மூச்ச. அப்புறம் பேசுறான். ஒன்னையக் கூப்புடுறான். நாளைக்குப் பண்ணுவோங்குறான்."

எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெறகு நான் கூப்புடுறேன்."

"நீங்களா?"

"நாந்தேன். மகிழா, சோறு ஆறுதுடானு கத்துறேன், அடுப்படியிலருந்து. அது ஏங்கொரலு. எனக்குத் தெரியாதா? இந்தா வர்றேங்குறான்."

அந்தத் தூரத்து இரைச்சல். அத்தனை முறை ஓட்டிக் கேட்டும் எப்சிபாவுக்கு அது ஏதோ இரைச்சலாகவே இருந்தது.

"வந்திருப்பான்" என்றாள் சங்கிலியம்மாள். "வர்றேன்னு சொன்னா ஒடனே வந்துருவான், அதுல கொற சொல்ல முடியாது. வந்து ஒக்காந்து சாப்புட்டிருப்பான். நான் போட்டிருப்பேன். அன்னைக்கு என்ன கொழம்பு வச்சேன்னு ரோசிச்சு ரோசிச்சுப் பாக்குறேன், ஞாபகம் வரமாட்டேங்குது." அவள் குரல் உடைந்தது. "எத்தன தடவ கூப்புட்டிருப்பேன், எத்தன தடவ போட்டிருப்பேன். அந்த ஒரு நாளு மட்டும் எது, என்னனு தெரியலயே ஆத்தா."

"கருவாட்டுக் கொழம்பா இருக்கும்" என்றார் முத்துப்பாண்டி, கத்தரியைப் பார்த்துக்கொண்டே.

"நெதமுமா கருவாடு வச்சேன்?"

அவர் கத்தரியை மடக்கிக் கீழே வைத்தார்.

எப்சிபாவுக்கு அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியும்மா" என்றாள். "கார்த்திகையிலயே கேட்டுட்டேன். சொல்ல வாய் வரல."

சங்கிலியம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள், பிறகு அந்தக் கோபத்தைத் தாங்க உடம்பில் தெம்பில்லாதது போல முகம் தளர்ந்தது.

"வாராவாரம் வந்து எம்மொகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தியே. இதுக்குத்தேனா?"

"மன்னிச்சுக்கங்கம்மா."

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் வெளையாண்டிருக்க மாட்டேன்" என்றாள். சொல்லியிருக்க வேண்டுமென்கிறாளா, சொல்லாதது நல்லதென்கிறாளா, எப்சிபாவால் பிரித்தறிய முடியவில்லை. சங்கிலியம்மாள் தூணைப் பிடித்து எழுந்தாள். போனை எடுத்து எப்சிபாவின் கையில் கொடுத்தாள். "அழிச்சுரு."

"அம்மா..."

"அவன் பேசி முடிச்சுட்டான். இனிமே கேட்டாலும் கேட்டதத்தேன் கேக்கணும். அழிச்சுரு ஆத்தா. ஏங்கையால முடியல."

எப்சிபா அழித்தாள். சங்கிலியம்மாள் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். கலயம் வரைந்த சின்னப் படம் போய், அந்த இடம் காலியானது. போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய், சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எப்சிபா வாசலில் நின்று, போய் வருகிறேன் என்றாள். கொஞ்சம் கழித்து, "அடுத்த ஞாயித்துக்கெழம வா" என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

முத்துப்பாண்டி பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார். வாய்க்கால் கரையில் இரண்டு பேரும் நடந்தார்கள். நிறுத்தத்தில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. வெயில் மேற்கே மலைப்பக்கம் இறங்க ஆரம்பித்திருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். பொத்தான் வைத்த பழைய போன். எண்கள் தேய்ந்து போயிருந்தன. உடைந்த மூலையில் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தார்.

"இதுல வராதா பாப்பா அது?"

எப்சிபாவுக்கு முதலில் புரியவில்லை. மகன் பேசுகிற ஆட்டத்தைக் கேட்கிறார் என்று பிறகு புரிந்தது.

"இதுல வராதுப்பா. பெரிய போன் வேணும்."

"அதான் கேட்டேன்" என்றார். கையிலிருந்ததை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அவ முன்னாடி கேக்க முடியல. பந்தலுக்கு அந்தப் பக்கம் நின்னா லேசா கேக்கும். முழுசாக் கேக்காது."

"எங்கிட்ட ஒரு பழைய போன் இருக்குப்பா. ஞாயித்துக்கெழம ஏத்திக் கொண்டுவர்றேன்."

"வேணாம், வேணாம். அவளுக்குத் தெரிஞ்சா அது வேற." அவர் சாலையின் வளைவைப் பார்த்தார். "சும்மா கேட்டேன்."

பஸ் வந்தது. அவளுடைய பையை வாங்கிப் படியில் ஏறும்வரை பிடித்துக்கொண்டு, பிறகு உள்ளே நீட்டினார். ஜன்னலோரம் இடம் கிடைத்து அவள் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் வாய்க்கால் கரையில் வீட்டைப் பார்க்க நடந்துகொண்டிருந்தார்.